புரட்டாசிக் கடைசி வாரம், ராயபுரம்

2024 அக்டோபர் 14, திங்கள்

வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரிப் பாலத்தின் மேல் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்களாம். நான் அம்மாவின் கட்டில் காலுக்கு இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தினேன். "இப்பவே எதுக்குப்பா?" என்றாள். அவள் காலில் இருக்கும் மருந்துக் கட்டை நேற்றுதான் மாற்றினோம்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடிவதற்குள் இடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வடகிழக்குப் பருவமழை இன்றுதான் தொடங்கியிருக்கிறதாம்.

மாலை 4 மணிக்குக் குளியலறையில் தண்ணீர் வடியும் ஜாலியில் முதல் சத்தம். களக். பழைய துணியைச் சுருட்டி அடைத்து, மேலே மணல்மூட்டை வைத்தேன். புகார் கொடுத்தாயிற்று, எண் வந்திருக்கிறது. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் மொட்டைமாடிக் குழாய் நேராகப் பாதாளச் சாக்கடையில்தான் விழுகிறது. போதாததற்கு, தெருத் தண்ணீர் வடியட்டும் என்று யாரோ கடப்பாரையால் மேன்ஹோலைத் திறந்துவிட்டார்கள். கழிவுநீருக்குப் போட்ட குழாயில் ஒரு தெரு மழையும் இறங்கினால், அது தாழ்ந்த வீடு பார்த்துத்தான் திரும்பி வரும். தாழ்ந்த வீடு எங்களுடையது.

இரவு 11: சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, அதன் மூடியைச் சுற்றி எம்-சீல் வைத்து அடைத்தேன்.

அக்டோபர் 16, புதன்

ரெட் அலர்ட். 20 செ.மீ.க்கு மேல் கொட்டும் என்றார்கள். இங்கே தூறல்தான். ஆனால் தண்ணீர் வடியவில்லை, ஏறுகிறது. காசிமேட்டில் வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர், "பௌர்ணமிக் கடல் தம்பி, தண்ணிய வாங்காது" என்றார்.

மேன்ஹோலை மூடிவிட்டார்கள். மூடி அரை அங்குலம் எழும்புகிறது, இறங்குகிறது. டொக். டொக். இடுக்கில் ஒரு டயப்பர் மாட்டிக்கொண்டு உப்பிக் கிடக்கிறது. சோப்பு நுரை மூன்றாவது படி வரை வந்துவிட்டது.

அம்மா உணவகத்தில் இன்று காசு வாங்கவில்லை. இட்லி.

இரவு: கட்டிலின் கீழ்ச் செங்கல் நனைந்துவிட்டது. கால் கட்டு நனையவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

விடியற்காலையில் தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்துவிட்டது. மழையே இல்லை. வீட்டுக்குள் கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர்.

பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். அடைப்பெடுக்கும் லாரி இல்லை, மூங்கில் கழிதான். அரை மணி நேரம் குத்தியும் அடைப்பு அசையவில்லை. அப்புறம் அவர்களில் ஒரு பையன், இருபது வயது இருக்கும், சட்டையைக் கழற்றி மடித்து எங்கள் ஜன்னல் கட்டையில் வைத்தான். இஸ்திரி போட்ட சட்டை.

"இறங்காதே" என்றேன்.

"அஞ்சு நிமிஷம்ணா."

2013லேயே சட்டம் போட்டுத் தடுத்த வேலை. உள்ளே விஷவாயு இருந்தால் அந்த அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. மூடியை இழுத்துப்போட்டு அதன் மேல் ஏறி நின்றுகொண்டேன். எதிர்வீட்டுக்காரர் கத்தினார்: "உன் வீட்ல மட்டுமா தண்ணி? எங்க வீட்லயும் குழந்தைங்க இருக்கு." அவர் சொன்னதும் நியாயம்தான். எனக்குக் கால் நடுங்கியது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: "லாரி வரட்டும்பா. அந்தப் புள்ளைய அனுப்பு."

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பெயர் கேட்கவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

லாரி வரவில்லை. சம்பைத் திறந்து முகர்ந்தேன். நாற்றம் இல்லை. மறுபடி முகர்ந்தேன். கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம். எதிர்வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்டோபர் 19, சனி

தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்ராடிங் லாரி மதியம் வந்தது. இருபது நிமிடம். ஒரு போர்வை, தேங்காய் மட்டைகள், கெட்டியான எண்ணெய்க் கசடு. தண்ணீர் சுழித்து இறங்கியபோது தெருவே கைதட்டியது. பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று முறை கழுவினேன்.

அம்மாவின் கட்டு ஓரத்தில் மஞ்சளாக இருக்கிறது. மருந்தா, ஈரமா?

அக்டோபர் 20, ஞாயிறு

வங்கக்கடலில் இன்னொரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகும் என்கிறார்கள். அம்மாவுக்கு உடம்பு சுடுகிறது. 101. வியாழக்கிழமை பாத்ரூமுக்குத் தனியாக நடந்து போனாளாம், இப்போதுதான் சொல்கிறாள். ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறேன்.