தம்பி இல்லத்தில் இருக்கிறான், நாங்களும் உடனிருக்கிறோம்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் உண்டு. மதுரையை அடுத்த நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் வீட்டில், வேறு நால்வரோடு சேர்ந்து வாழ்கிறான்; சமையலுக்கு உதவவும் மாத்திரை வேளையை நினைவூட்டவும் பணியாளர்கள் முறைவைத்து உடனிருக்கிறார்கள். "அப்பாடா, இனி உங்களுக்குக் கவலையில்லை" என்று சொந்தக்காரர்கள் சொல்வதை என் மனம் ஒப்புவதில்லை. ஆதரவு இல்லத்தில் ஒருவர் சேர்ந்த பிறகு குடும்பத்தின் வேலை மாறுகிறதே தவிர முடிவதில்லை என்பதும், அந்த வேலை எதுவரை என்பதை அங்கே வாழ்பவரே சொல்ல வேண்டும் என்பதும் என் உறுதியான எண்ணம்.

பெரும்பாலும் குடும்பத்தாரிடம் சேர்க்கையின்போது ஒரு கையெழுத்தும் பிறகு மாதப் பணமும்தான் கேட்கப்படுகின்றன. பல ஆண்டுகள் கூடவே இருந்தவர்களுக்குத் தெரிந்தவை மருத்துவக் கோப்பில் இருப்பதில்லை. நோய் திரும்பும்போது என் தம்பி கத்த மாட்டான், யாரிடமும் சண்டைக்குப் போக மாட்டான். முதலில் தூக்கம் குறையும். பிறகு, துவைத்துக் காய்ந்த சட்டையையே இரவில் எடுத்து மறுபடியும் துவைத்துக் கொடியில் போடுவான். அதன் பின்னரே, டீயில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று சொல்லித் தம்ளரைத் தொடாமல் வைப்பான். இந்த வரிசையை அம்மா சொல்லச் சொல்ல, இல்லப் பொறுப்பாளர் அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே நோட்டில் எழுதினார். ஐப்பசி மழையில் ஓர் இரவு, நனைந்த சட்டைகள் கொடியில் தொங்குவதைப் பார்த்த புதிய பணியாளர் அந்த நோட்டை நினைத்துக்கொண்டு மறுநாளே அவனை மருத்துவரிடம் அழைத்துப் போனார். மருந்தின் அளவை மாற்றியதே போதுமானதாக இருந்தது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை வரவில்லை.

நாங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் இல்லம், எங்களிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்காகப் பேசும் பிரதிநிதியை அவரவரே நியமித்துக்கொள்ளலாம். வெறும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமோ கைரேகையோ இட்டால் போதும், பின்னர் மாற்றவும் செய்யலாம். தம்பி எழுதிக் கொடுத்தது என் பெயரையன்று, பெரியம்மா மகனின் பெயரை. வீட்டில் சிலருக்கு அது மனத்தாங்கல். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அந்த அண்ணனிடம்தான் அவன் சிறுவயது முதல் மனம்விட்டுப் பேசுகிறான். மனநல நிறுவனத்தில் சேர்க்கப்பட்டவருக்குப் பார்க்க வருபவரைச் சந்திக்கவும், வேண்டாமென்று மறுக்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது. தம்பி வாழும் இல்லத்திலும், "அக்கா வந்திருக்காங்க, பாக்குறியாப்பா?" என்று கேட்ட பிறகே என்னை உள்ளே விடுகிறார்கள். அது சரியான முறை.

நம் பக்கத்தில் இதைப் பேசும்போது ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை நினைக்காமல் இருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியிடுவதை இன்று சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் வெளியாள் வந்துபோகாத கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சட்டம் தானாகப் போய்ப் பார்க்காது. உறவுக்காரர்கள் அடிக்கடி படியேறும் இடத்தில்தான் கேள்வி கேட்க ஆள் இருக்கும்.

எனினும் கண்காணிப்பதற்காக மட்டும் நாங்கள் போவதில்லை. சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையைத் தல்லாகுளத்தில் நின்று பார்ப்பது தம்பிக்குச் சிறுவயதுப் பழக்கம். அந்தக் கூட்டத்தில் ஒருவரை மட்டும் அழைத்துப் போக இல்லத்தில் ஆள் போதாது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அழைத்துப் போகும் பொறுப்பை நானும் என் கணவரும் ஏற்றுக்கொண்டோம். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்பதை அவன் சொல்வான். வெடிச்சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு "போதும்" என்பான், உடனே கிளம்பிவிடுவோம்.

இல்லத்திலிருந்து போன் வந்தாலே அம்மா பதறிப்போகிறார், ஏதாவது கெட்டது நடந்தால் மட்டுமே அங்கிருந்து அழைப்பு வருகிறது என்பதால். தம்பிக்குச் சம்மதமென்றால், அவன் தக்காளிச் சட்னி அரைத்ததையும் பக்கத்துக் கடைக்குத் தனியாகப் போய்வந்ததையும் சொல்லவும் மாதம் ஒருமுறை அழைக்குமாறு, அடுத்த குடும்பக் கூட்டத்தில் கேட்கவிருக்கிறேன்.