ஜூன் 1

"ஜூன் ஒண்ணு, சரிதானே டீச்சர்?" என்று கேட்டாள். "சரி, கையெழுத்துப் போடு" என்றேன். நடந்தது இவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. 2022 தொடக்கத்தில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் விவரங்களைத் தேர்வுத் துறைக்கு அனுப்புவதற்கு முன்னால் சரிபார்க்கிற நாள் அது. பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் சரி என்று பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் மிஷன் நடத்தும் ஹோமில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பெற்றோர் இடத்தில் போடுவது என் கையெழுத்து. வரிசையில் பதினாலு பேர் நின்றார்கள். மாலை ஜெபத்துக்கு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

அவள் உடனே போடவில்லை, அதுதான் விஷயம். பேனாவை வைத்துக்கொண்டு, "நான் பதநீர்க் காலத்துல பிறந்தேன்னு அக்கா சொல்லுவா. ஜூன் ஒண்ணு பதநீர்க் காலமா டீச்சர்?" என்றாள். நான் யோசிக்காமல், "காலம்தாம்மா, முடியுற சமயம்" என்றேன். பின்னால் நின்ற பிள்ளை சிரித்தது. அவள் குனிந்து போட்டுவிட்டாள்.

அந்தத் தேதியை எழுதியதே நான்தான். 2012 ஜூனில் அக்காளும் தங்கையுமாக வந்தார்கள். அம்மா இல்லை, அப்பா போன இடம் தெரியவில்லை. கொண்டுவந்து விட்டது அம்மாவின் தங்கை. (அனாதை என்று வெளியே சொல்லுவார்கள், எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அப்பாவோ அம்மாவோ யாராவது ஒருவர் உண்டு. சோறு போட வழியில்லை, அவ்வளவுதான்.) பெரியவளுக்கு வேறு பள்ளியிலிருந்து டி.சி. இருந்தது, மூன்றாம் வகுப்பு. சின்னவளிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கீழ்ப்பல் இரண்டு விழுந்திருந்தது. விடிலியில், அதாவது பனங்காட்டுக் குடிசையில், கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு வலி வந்ததாம். பெரியவள் சொன்னது அதுதான்.

சேர்க்கைப் பதிவேட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. 1.6.2005 என்று எண்ணால் எழுதி, பக்கத்தில் எழுத்தாலும் எழுதினேன். தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஜூன் 1 போடுவதுதான் எங்கள் பழக்கம். எங்கள் பழக்கம் என்றுகூட சொல்ல முடியாது, நான் போவதற்கு முன்பே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரு வருஷம் ஜூன் 1 அன்று ஹோமில் பதினோரு பிறந்தநாள். காலை ஜெபத்தில் பதினோரு பேரையும் முன்னால் நிறுத்திப் பாட்டுப் பாடுவோம், ஆளுக்கு ஒரு மிட்டாய். விருந்துக்கு வந்த ஓர் அம்மா ஆச்சரியப்பட்டு, "எல்லாரும் இரட்டைப் பிள்ளைகளா?" என்று கேட்டதை நாங்கள் சமையலறையில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

நாளைப் பற்றி எனக்கு உறுத்தல் இல்லை. வருஷம்தான். அவளைப் பார்த்தால் ஆறு வயதுப் பிள்ளை மாதிரிதான் இருந்தாள், நான் ஏழு போட்டேன். ஏழு நிறையாத பிள்ளைகளைச் சின்னப் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்புவது எங்கள் மிஷனில் வழக்கம். அது வேறு ஊரில், பஸ்ஸில் மூன்று மணி நேரம். முதல் ராத்திரி முழுக்க அக்காளின் பாவாடை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கிய பிள்ளையை எப்படி அனுப்ப முடியும்? இதைத்தான் பத்து வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்யும் இல்லை.

ஆனால் முழு உண்மையும் இல்லை. அந்த ஜூனில், பெரியவளைச் சேர்த்தும், எங்கள் தொடக்கப் பள்ளியின் எண்ணிக்கை 60. கட்டாயக் கல்விச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. அரசு உதவி பெறும் பள்ளி, ஆகஸ்ட் 1 கணக்கை வைத்துத்தான் பணியிடத்தை நிர்ணயிப்பார்கள். மூன்றாவது ஆசிரியை நான். உபரி என்று காட்டினால் எங்கே தூக்கிப் போடுவார்களோ என்று அந்த மே மாதம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். பேனாவை எடுத்தபோது மனதில் இருந்தது பாவாடை நுனியா, 61ஆ? இரண்டும் இருந்திருக்கும். எது முதலில் இருந்தது என்று இப்போது கேட்டால் எனக்கே பதில் தெரியவில்லை.

அப்புறம் 2023 ஜூன். பிளஸ் டூ வகுப்பு தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆய்வுக்கு வந்த அலுவலர் பதிவேட்டைப் புரட்டி, "இந்தப் பிள்ளைக்கு 18 முடிஞ்சிடுச்சேம்மா" என்றார். பிள்ளைகளுக்கான இல்லத்தில் 18க்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. பிற்காப்பு இல்லம் என்று ஒன்று உண்டு, 21 வரை, அதற்கு எழுதலாம் என்றார் அவர். அவர் நல்ல மனிதர், சட்டத்தைத்தான் சொன்னார். ஆனால் அது வேறு மாவட்டம், பள்ளிக்கூடம் இங்கே. வயதில் சந்தேகம் இருந்தால்? நான் சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டேன். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவைச் சொன்னார். முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாவிட்டால் மட்டும்தான் எலும்புப் பரிசோதனை. அதாவது நான் பல்லைப் பார்த்து எழுதியது முதல் சாட்சி. எலும்பு கடைசி சாட்சி.

அவள் சித்தி வீட்டுக்குப் போனாள். இரண்டு பஸ் மாறி வந்து படித்தாள். பாஸ் பண்ணினாள். என் வீட்டில் வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: வைத்திருக்கலாம். மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம்.

திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில் 1901இல் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கிய இடத்தில், பிறந்தநாளுக்குப் பதில் பிள்ளை வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடுவார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு பொறாமை. நமக்கும் அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் உண்மையை எழுதியிருக்கலாமே என்று. அப்புறம் தோன்றும், கட்டத்தின் மேல் ஏன் பழி? கையெழுத்துப் போடச் சொன்ன அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இது நான் குத்துமதிப்பா போட்டதும்மா, உன் சித்திகிட்ட ஒரு தடவை கேட்போம்" என்று. சித்தி உயிரோடுதான் இருந்தார், மாதம் ஒரு முறை முறுக்கு வாங்கிக்கொண்டு பார்க்கவும் வருவார். பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அவரிடம் கேட்டதில்லை. சான்றிதழில் ஏறிவிட்டால் மாற்றுவது லேசில்லை என்று தெரிந்துதான் "சரி" என்றேனா, இல்லை மணி அடிக்கப் போகிறது என்றா? மற்ற பதிமூன்று பேருக்கும் அதே மாதிரி சரி சொன்னேன். அவர்கள் யாரும் கேட்கவில்லை, அதனால் அவர்களைப் பற்றி நினைப்பதும் இல்லை.

போன மாதம் போன் செய்தாள். ஏதோ வேலைக்கு விண்ணப்பம் போடுகிறாளாம், நடத்தைச் சான்று வேண்டுமாம். பேச்சோடு பேச்சாக, "டீச்சர், சுனாமி வந்ததுக்கு மறு பதநீருக்கு நான் பிறந்தேன்னு சித்தி சொல்றாங்க" என்றாள்.

சுனாமி 2004 டிசம்பர். மறு பதநீர் என்றால் 2005. விரல் விட்டு எண்ணினேன். அப்படியானால் நான் எழுதிய வருஷம் சரி. மார்பில் என்னவோ இறங்கிய மாதிரி இருந்தது. "மறு பதநீரா, அதுக்கு அடுத்ததாம்மா? நல்லா கேட்டியா?" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"தெரியல டீச்சர்" என்றாள். "ஒரு நாள் அப்படிச் சொல்றாங்க, ஒரு நாள் இப்படிச் சொல்றாங்க."