பால் கேனோடு பழகிய வண்டி

காவேரிப்பட்டணத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். பதினெட்டு முடிந்த கையோடு வரும் பையன்களில் பாதிப் பேருக்கு மேல் ஏற்கெனவே வண்டி ஓட்டுவார்கள். எட்டாம் வகுப்பிலேயே டிவிஎஸ் எக்ஸெல் மொபெட்டில் பால் கேனை மாட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போய் வந்தவர்கள். எட்டு போடச் சொன்னால் கால் ஊன்றாமல் போட்டுக் காட்டுவார்கள். பழகினதை மறக்க வைப்பதுதான் பெரும்பாடு.

முன் பிரேக்கைத் தொடவே மாட்டார்கள். "பிடிச்சா தூக்கி அடிச்சிடும்னு மாமா சொன்னாரு" என்பார்கள். அந்த மாமா அநேகமாக லாரி டிரைவராக இருப்பார். அவர் கொடுத்த இன்னொரு பாடம், இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம். தொப்பூர் கணவாயில் லாரிகள் கட்டுப்பாடு இழப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கியரில் இருந்தால் இன்ஜினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழுகிறது. சூடேறச் சூடேற பிரேக் பிடிப்பது குறைகிறது. காரில் ஏதாவது ஒரு சின்ன இறக்கத்தில், காலை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டு, ஒருமுறை மூன்றாவது கியரிலும் ஒருமுறை நியூட்ரலிலும் போகச் சொல்வேன். என் பக்கத்து பிரேக் மேல் என் கால் இருக்கும். ஸ்பீடோமீட்டர் முள் ஏறுவதைப் பையனே பார்ப்பான். அதற்கப்புறம் மாமா பேச்சு எடுபடாது.

"16 வயசுலயே லைசென்ஸ் உண்டுல்ல மாஸ்டர்?" என்று கேட்கும் அப்பாக்கள் உண்டு. உண்டுதான், பெற்றோர் சம்மதத்தோடு, கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு. எக்ஸெல் 100-இன் இன்ஜினே 99.7 சிசி. ஆக, வீட்டில் நிற்கும் வண்டிக்கு அந்த லைசென்ஸ் உதவாது. 2019 சட்டத் திருத்தத்தையும் சொல்வேன்: சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சிறை என்றால் சிரிக்கிறார்கள். 25 வயது என்றதும்தான் முகம் மாறுகிறது.

ராங் சைடு விஷயத்தில்தான் எனக்கு வாயடைத்துப் போகிறது. பைபாஸில் அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வரச் சோம்பல்பட்டு, பெட்ரோல் பங்க்குக்கு எதிர்த்திசையில் போகிறது மொத்த ஊரும். அப்பா போகிறார், வாத்தியார் போகிறார். "எல்லாரும் அப்படித்தானே மாஸ்டர் வர்றாங்க?" என்று பையன் கேட்டால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் என்ன பதில் சொல்வது?

அதனால் இப்போது கடைசி வகுப்புகளுக்கு வீட்டில் ஒருவரைப் பின் சீட்டில் உட்காரச் சொல்கிறேன். "ஃபீஸ் வாங்குறது நீங்க, நாங்க எதுக்கு?" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். அம்மாக்கள் வந்தால் நல்லது. அப்பாக்கள் பையனையும் மிஞ்சி, ஹாரன் அடி, ஹாரன் அடி என்கிறார்கள்.

பக்கத்துக் கிராமத்து சொசைட்டியில் சொல்லி வைத்தேன். சின்னப் பையன்கள் வண்டியில் கொண்டுவந்தால் பாலை ஊற்றிக்கொள்வதில்லை என்று அங்கே முடிவெடுத்தார்கள். கொஞ்ச நாள் முணுமுணுப்பு. இப்போது பெரியவர்களே கேனோடு வருகிறார்கள். கோபித்துக்கொண்டு தனியார் பால் வண்டிக்கு ஊற்றப் போனவர்களும் இருக்கிறார்கள். அங்கே யார் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்கிறார்களாம்.