ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் எண்கள்

ஒரே பெயர் கொண்ட இரண்டு வைஃபை ரவுட்டர்கள் இதை எழுதும்போது என் மேசைமேல் இருக்கின்றன. ஒன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு கடையில் வாங்கியது, மற்றொன்று அமெரிக்காவிலிருந்து வந்தது. நிறத்திலும் வடிவத்திலும் ஆன்டெனாக்களின் எண்ணிக்கையிலும் அட்டைப்பெட்டியின் படத்திலும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒட்டியிருக்கும் சிறு வில்லைகள்தான் வேறு. கடந்த சில மாதங்களாக அந்த வில்லைகளில் உள்ள எண்களின் பின்னால் இருக்கும் ஆவணங்களைப் படித்துப் படித்து நான் கற்றுக்கொண்டதை, நான் செய்த பிழையோடு சேர்த்து, இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் கோவிலை ஒட்டியுள்ள மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போதும் காவடித் திருநாள்களிலும், வர இயலாத முதியவர்களுக்காக வழிபாட்டை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறோம். மண்டபம் நீளமானது. நடுவில் ஒரு தடித்த செங்கல் சுவரும், அதற்கப்பால் சமையற்கட்டும், அதன் பின்னால் சிறு பிள்ளைகளின் வகுப்பறையும் உள்ளன. வலையமைப்பு வேலைதான் என் பிழைப்பு என்பதால், ரவுட்டரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் குழுவினர் என்னிடம் கொடுத்தார்கள். நான் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வேகக் கணக்குகளை நம்புவதில்லை. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்.

அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பொதுமக்கள் யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய இவ்வளவு நேர்மையான தொழில்நுட்ப ஆவணம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் விற்கப்படும் ஒவ்வொரு ரவுட்டரிலும் எஃப்சிசி ஐடி என்ற அடையாளம் இருக்கும். அதன் முதல் மூன்று அல்லது ஐந்து எழுத்துகள் ஒப்புதல் பெற்ற நிறுவனத்தைக் குறிக்கும். ஐந்து எழுத்துக் குறியீடு 2 என்ற எண்ணில் தொடங்கும். அதற்குப் பின் வருவது அந்த நிறுவனம் தன் கருவிக்குத் தானே வைத்துக்கொண்ட குறியீடு. சோதனையை எஃப்சிசி நேரடியாகச் செய்வதில்லை. அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் அளந்து அறிக்கை எழுதுகின்றன, சான்றளிக்கும் அமைப்புகள் அதைச் சரிபார்த்து ஒப்புதல் வழங்கிப் பதிவேட்டில் ஏற்றுகின்றன. ஐடியைத் தட்டினால் ஒப்புதல் சான்றிதழ், சோதனை அறிக்கைகள், வெளிப்புறப் படங்கள், உட்புறப் படங்கள், பயனர் கையேடு, வில்லை எங்கே ஒட்டப்படும் என்ற வரைபடம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். மின்சுற்று வரைபடமும் இயங்குமுறை விளக்கமும் நிறுவனம் கேட்டுக்கொண்டால் நிரந்தரமாக மறைத்து வைக்கப்படும். படங்களையும் கையேட்டையும் அதிகபட்சம் 180 நாள்கள் வரைதான் மறைத்து வைக்க முடியும்.

எனக்கு மிகவும் பயன்படுவது உட்புறப் படங்கள். சிப்புகளை மூடியிருக்கும் உலோகக் கவசங்களை அகற்றிவிட்டு எடுத்த படங்கள் பெரும்பாலும் இருப்பதால், சிப்பின் மேல் பொறித்த எண்ணைப் பெரிதாக்கிப் படிக்கலாம். செயலி எது, நினைவகம் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு என்பது அந்த எண்களிலிருந்து தெரிந்துவிடும். ரவுட்டரோடு வந்த மென்பொருளுக்குப் பதிலாக ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற திறந்த மூல மென்பொருளை ஏற்ற நினைப்பவருக்கு இதைவிட முக்கியமான தகவல் இல்லை. 4 எம்பி சேமிப்பும் 32 எம்பி நினைவகமும் மட்டும் உள்ள கருவிகளை வாங்க வேண்டாம் என்று அந்தத் திட்டத்தினரே பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள். ஆனால் எந்தக் கடையிலும் எந்தப் பெட்டியிலும் அந்த இரண்டு எண்களை நான் கண்டதில்லை.

அடுத்துச் சான்றிதழ். ஒரே பக்கம்தான் என்றாலும் அதில் உள்ள அதிர்வெண் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும். 2412 முதல் 2462 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் வைஃபை அலைவரிசையின் பிரிவுகளான சேனல்களில் 1 முதல் 11 வரை என்று பொருள். 5 கிகாஹெர்ட்ஸில் 5180–5240, 5745–5825 என்ற இரண்டு வரிகள் மட்டும் இருந்தால், ரேடார்களும் பயன்படுத்தும் நடுச் சேனல்களில் ரேடாரைக் கண்டுகொண்டு விலகும் சோதனைக்கு அந்தக் கருவி உட்படுத்தப்படவில்லை என்று அறியலாம். அந்த நடுச் சேனல்களில் இயங்கும் ரவுட்டர், ஒளிபரப்பைத் தொடங்கும் முன் குறைந்தது 60 வினாடிகள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பது விதி. மின்வெட்டு அட்டவணையோடு வாழப் பழகிய தென்னாப்பிரிக்காவில் இது சிறிய செய்தியன்று. மின்சாரம் வந்து ரவுட்டர் எழுந்த பிறகும் வைஃபை வராமல் பிள்ளைகள் விழித்துக்கொண்டிருந்த காரணம் எனக்கு இந்த ஒரு வரியில்தான் விளங்கியது. அன்றிலிருந்து வகுப்பறைக்கு 36 முதல் 48 வரையிலான சேனல்களையே வைக்கிறேன்.

இனி என் பிழைக்கு வருகிறேன். நான் தேர்ந்தெடுத்த ரவுட்டரின் அமெரிக்கச் சோதனை அறிக்கையில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆறாம் சேனலின் வெளியீட்டுத் திறன் 27 டிபிஎம், அதாவது அரை வாட், என்று இருந்தது. ஆன்டெனாவின் ஈட்டம், அதாவது அலையைக் குவிப்பதால் அது கூட்டித் தரும் அளவு, 5 டெசிபெல். இரண்டையும் கூட்டினால் 32 டிபிஎம், ஏறத்தாழ 1.6 வாட். இவ்வளவு திறன் செங்கல் சுவரைத் தாண்டிவிடும் என்று குழுவினரிடம் சொன்னேன். வாங்கி மாட்டினோம். முன்மண்டபத்தில் நன்றாக இருந்தது. சமையற்கட்டைத் தாண்டியதும் அலைபேசிகளில் ஒரு கோடுகூட நிற்கவில்லை. பின்னறையில் இருந்த பதினான்கு பிள்ளைகளும் அன்று பாடத்தைக் கேட்கவே முடியாமல் வீட்டுக்குப் போனார்கள். வாக்குக் கொடுத்தவன் நான் என்பதால் அது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

நான் படித்த எண் பொய்யில்லை. ஆனால் அது அமெரிக்காவின் எண். அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸில் கருவியிலிருந்து 1 வாட்டும், 6 டெசிபெல் ஆன்டெனாவோடு சேர்த்து 4 வாட்டும் அனுமதிக்கப்படுகின்றன. தென்னாப்பிரிக்கா ஐரோப்பாவின் வழியில் செல்கிறது: 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை, ஆன்டெனாவின் ஈட்டத்தையும் சேர்த்து 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம்தான் உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய வரம்பு. 32-க்கும் 20-க்கும் இடையிலுள்ள 12 டெசிபெல் காகிதத்தில் சிறிதாகத் தெரிந்தாலும் திறனில் சுமார் 16 மடங்கு. இங்கே விற்கப்படும் ரவுட்டர் அதே பெயரைத் தாங்கியிருந்தாலும் அதன் மென்பொருள் இந்த வரம்புக்குள் நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. இதை நான் அமெரிக்கப் பதிவேட்டில் தேடியிருக்கவே கூடாது. பெட்டிக்குள் இருந்த, நான் பிரிக்காமலே வைத்திருந்த மெல்லிய துண்டறிக்கையில் அது தெளிவாக அச்சாகியிருந்தது. ஐரோப்பாவின் 2014/53 என்ற வானொலிக் கருவி ஆணை, ஒவ்வொரு அலைவரிசையையும் அதில் வெளியாகும் அதிகபட்சத் திறனையும் பயனருக்குத் தரும் குறிப்பிலேயே எழுத வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. தென்னாப்பிரிக்க வாசகர்கள் முதலில் படிக்க வேண்டிய தாள் அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். அமெரிக்கப் பதிவேட்டை உடலைக் காட்டும் எக்ஸ்ரே படமாக வைத்துக்கொள்ளலாம், திறன் கணக்குக்கு அதை நம்பக் கூடாது.

இதற்கிடையில், குழுவில் நாங்கள் எல்லோரும் தாத்தா என்று அழைக்கும் மூத்தவர், அமெரிக்காவில் இருக்கும் தம் மகனிடம் இந்தக் குறையைச் சொல்லியிருக்கிறார். மகனும் அதே ரவுட்டரை அங்கே வாங்கி, ஊருக்கு வந்த பேரனிடம் கொடுத்தனுப்பிவிட்டார். கோவிலுக்கென்று அன்போடு வந்த பொருள். அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்ததும் என் மனம் கனத்துவிட்டது. எஃப்சிசி ஐடி இருந்தது. இகாசாவின் வில்லை இல்லை.

இகாசா என்பது தென்னாப்பிரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம். ஒலிபரப்புக்கும் தொலைத்தொடர்புக்கும் தனித்தனியாக இருந்த இரண்டு அமைப்புகளை இணைத்து 2000-இல் உருவாக்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல் தொடர்புச் சட்டம், 35-ஆம் பிரிவில், ஆணையத்தின் வகை ஒப்புதல் பெறாத தொடர்புக் கருவியைப் பயன்படுத்தவோ வழங்கவோ விற்கவோ கூடாது என்கிறது. விற்பவரை மட்டுமன்றிப் பயன்படுத்துபவரையும் சேர்த்துச் சொல்வதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஒப்புதல் பெற்ற கருவியில் இகாசாவின் சின்னமும், டிஏ என்று தொடங்கி ஆண்டையும் வரிசை எண்ணையும் தாங்கிய ஒப்புதல் எண்ணும் இருக்கும்.

தாத்தா கேட்டார்: "அமெரிக்காவிலே நல்லா ஓடுறது இங்கே மட்டும் ஏன் தம்பி ஓடக் கூடாது?"

கேள்வி நியாயமானது, சட்டம் தடுக்கிறது என்று மட்டும் சொல்லி முடித்துவிட என்னால் முடியவில்லை. அவரை அருகில் உட்கார வைத்து இரண்டு ரவுட்டர்களின் அமைப்புப் பக்கங்களையும் காட்டினேன். டர்பனில் வாங்கியதில் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்ததில் நாடு பூட்டப்பட்டிருந்தது, மாற்ற வழியில்லை. இந்தப் பூட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2016 ஆகஸ்டில் டிபி-லிங்க் நிறுவனம் எஃப்சிசியோடு செய்துகொண்ட உடன்பாட்டில் 2 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது, காரணம் அதன் சில ரவுட்டர்களில் பயனர் நாட்டுக் குறியீட்டை மாற்றி, ஒப்புதல் பெற்றதைவிடக் கூடுதல் திறனில் இயக்க முடிந்ததுதான். அதே உடன்பாட்டில், பிறர் எழுதிய திறந்த மூல மென்பொருளைத் தன் ரவுட்டர்களில் ஏற்ற வழிசெய்வதாகவும் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. பூட்டை அலைத்திறனோடு நிறுத்தி, கருவியின் மற்ற பகுதியை வாங்கியவருக்கே விட்டுவைத்த அந்த முடிவு மிகச் சரியானது என்பது என் கருத்து.

பிறகு அவருடைய அலைபேசியையே கையில் எடுத்தேன். வைஃபை ஒருவழிப் பேச்சு இல்லை. ரவுட்டர் உரக்கக் கூவினாலும் அலைபேசி அதற்குப் பதில் சொல்ல வேண்டும், அலைபேசியின் குரலோ சிறியது. அலைபேசிகளுக்கும் இதே போன்ற ஒப்புதல் ஆவணங்கள் உள்ளன. அவற்றில் உள்ள வைஃபை திறனைப் பார்த்தால் அரை வாட்டை நெருங்குவதே அரிது. 16 மடங்கு கூடுதல் திறன் கொண்ட ரவுட்டரை முன்மண்டபத்தில் வைத்தால், பின்னறைப் பிள்ளைகளின் திரையில் கோடுகள் நிறையத் தெரியும், ஆனால் அவர்கள் அனுப்பும் பதில் சுவருக்கு அப்பாலேயே தேய்ந்துபோகும். அதே நேரத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நிறைந்த எங்கள் தெருவில், அண்டை வீட்டாரின் வைஃபை எல்லாம் எங்கள் இரைச்சலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க நேரும். தாத்தா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தொந்தரவு, நம்ம பிள்ளைங்களுக்கும் பிரயோசனம் இல்லை" என்றார். நான் அரை மணி நேரம் விளக்கியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

இரண்டு ரவுட்டர்களின் உட்புறப் படங்களையும் ஒப்பிடலாம் என்று பிறகு தோன்றியது. டர்பன் ரவுட்டரின் வில்லையில் வன்பொருள் பதிப்பு 3 என்றும், அமெரிக்க ரவுட்டரில் 1 என்றும் இருந்தது. பதிப்புக்கு ஒன்றாக இரண்டு வேறு எஃப்சிசி ஐடிகள் பதிவாகியிருந்தன. படங்களில் செயலியே வேறு, ஒன்றின் நினைவகம் மற்றதில் பாதி. பெயரையும் வெளிக்கூட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றுவது இத்தொழிலில் வழக்கமாகிவிட்டது. சான்றிதழ் என்பது ஆய்வகத்துக்குக் கொடுக்கப்பட்ட அந்தக் குறிப்பிட்ட வன்பொருளுக்கே உரியது, கடையில் சொல்லப்படும் பெயருக்கு உரியதன்று என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை. இணையத்தில் ஒருவர் புகழ்ந்து எழுதியதைப் படித்து வாங்கப் போகும் நண்பர்கள், அவர் புகழ்ந்தது எந்தப் பதிப்பை என்று கேளுங்கள்.

பின்னறைக்குத் தீர்வு எளிதாகவே கிடைத்தது. சுவரைத் துளைத்து ஒரு வலைக்கம்பியை இழுத்து, அதன் முனையில் இன்னொரு சிறிய வைஃபை கருவியை வைத்தோம். இம்முறை கடையிலேயே பெட்டியைத் திறக்க அனுமதி கேட்டு, இகாசா எண்ணையும் வன்பொருள் பதிப்பையும் பார்த்துக்கொண்டேன். வெளிப்புறப் படங்களில் உள்ள வில்லையில் மின்தேவை 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்ததால், மின்வெட்டுக்கென்று நாங்கள் வைத்திருக்கும் சிறிய மின்கலப் பெட்டியோடு அது நேராக இணைந்தது. சில கருவிகள் 9 வோல்ட்டில் ஓடுபவை, அவற்றில் 12 வோல்ட்டைச் செருகினால் கெட்டுப்போகலாம். வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள அந்தப் படம் போதும்.

அமெரிக்க ரவுட்டர் அடுத்த மாதம் பேரனோடு திரும்பிச் செல்கிறது. அது போகும் முன் இரண்டையும் அருகருகே வைத்து, அடியில் உள்ள வில்லைகளைப் படமெடுத்து, கோவில் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கருவியின் பெயர், வன்பொருள் பதிப்பு, இகாசா எண், எஃப்சிசி ஐடி, மின்தேவை, மாட்டிய நாள் என்று ஆறு பத்திகளுக்குக் கோடு கிழித்தாகிவிட்டது. பின்னறைக் கருவியின் வரியை நேற்று தாத்தாவே தம் கையால் எழுதினார்.