புளியங்கொட்டைக் கணக்கு

வீடு தேடிப் போய், திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் போட்டுக் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு, "சுகாதார நிலையத்துல கவனிப்பு திருப்தியா இருக்கா?" என்று கேட்டால் எந்த அக்கா இல்லை என்பார்? "நல்லாத்தான் பாக்குறாங்க தம்பி" என்பார், நானும் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். களப்பணிக்கு வந்த புதிதில் இதைத்தான் மதிப்பீடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓர் ஊரில் கிளம்பும் நேரத்தில் ஒரு பாட்டி பிடித்துக்கொண்டார். "நர்ஸம்மா வர்றாங்களான்னு கேட்டியே, எத்தனை மணிக்கு வர்றாங்கன்னு கேக்கலியே?" விசாரித்தால், அவர் வருவது பதினொரு மணிக்கு. அப்போது பாதிப் பெண்கள் நூறு நாள் வேலையில், மீதிப் பேர் களையெடுக்கப் போயிருப்பார்கள். என் படிவத்தில் எல்லா வீட்டுக்கும் 'வருகிறார்'. பொய்யும் இல்லை!

ஊர்க்காரர்களை வைத்தே மதிப்பிடுவது ஒன்றும் புது யோசனை இல்லை. 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோதே சமூகக் கண்காணிப்பும் அதில் ஒரு பகுதியாக இருந்தது, 2007 வாக்கில் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் முயன்றும் பார்த்தார்கள். ஒவ்வொரு சேவைக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஊரே நிறம் கொடுத்து ஓர் அட்டை தயாரிக்கும். படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு புரியும்.

சரி, நாமும் செய்வோம் என்று அதே ஊரில் ஒரு சாயங்காலம் கோயில் திடலில் மூன்று நிறத்துக்கும் கட்டம் வரைந்து, அவரவர் பதிலுக்கான கட்டத்தில் வைக்க ஆளுக்குக் கொஞ்சம் புளியங்கொட்டை கொடுத்தோம். கேள்விகளையும் அவர்களையே சொல்லச் சொன்னோம். மாத்திரை எத்தனை நாளைக்குத் தருகிறார்கள், பிரசவத்துக்குப் போனால் யார் யாருக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்றெல்லாம் வந்தது (இரண்டாவது கேள்வியை நாங்களாக எழுதியிருக்கவே மாட்டோம்). ஏறக்குறைய எல்லாம் பச்சை. சந்தோஷமாக மூட்டை கட்டும்போதுதான் உறைத்தது, காலனியிலிருந்து ஒருத்தர்கூட வரவில்லை. கோயில் திடலுக்கு எப்படி வருவார்கள்? இடத்தைத் தேர்ந்தெடுத்தது நாங்கள்தான்.

மறுநாள் காலனியிலேயே உட்கார்ந்தோம். நர்ஸ் வருகைக்கு அங்கே சிவப்பு. இரண்டையும் கூட்டி வகுத்திருந்தால் மஞ்சள் வந்திருக்கும், அறிக்கையும் அழகாக இருந்திருக்கும், அந்த மஞ்சள் இரண்டு தெருவிலும் கிடையாது. தனித்தனியாகவே அட்டையில் போட்டோம்.

முடிவைச் சொல்ல எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டோம். நர்ஸும் வந்தார், முகம் வாடிவிட்டது. சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது அரசு கணக்கு, அவர் பார்ப்பது அதற்கும் மேலே, பஸ்ஸோ காலையில் ஒன்றுதான். அவரையும் முதலிலேயே கொட்டை வைக்கக் கூப்பிட்டிருக்க வேண்டும், அது எங்கள் தப்பு. அந்தப் பாட்டியே, "சாயங்கால பஸ்ஸுல வா கண்ணு, ராத்திரி எம் பேரன் வண்டில கொண்டு விடுவான்" என்றார். மாதத்தில் இரண்டு சாயங்காலம் என்று பேசி முடிவானது, காலனியிலிருந்து தொடங்குவதாக.

அடுத்த வருஷ அட்டையில் காலனியின் நர்ஸ் வருகைக் கட்டம் மஞ்சளுக்கு வந்தது. பிரசவக் காசுக் கட்டத்தில் மட்டும் கோயில் திடலில் பச்சை, காலனியில் சிவப்பு, போன வருஷம் மாதிரியே.