கல் மீனும் மண்டபம் பயணமும்

ஜனவரி 20, திங்கள்

மூன்றாம் ஆண்டு விலங்கியல் பிள்ளைகளை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கடற்கரைக்குக் கூட்டிப்போக அனுமதி கிடைத்துவிட்டது. பாதிப் பேர் இன்னும் கடலில் கால் நனைத்ததில்லை. வேலூரில் தேங்கிய தண்ணீர் என்றால் கோட்டை அகழி. பாலாறு பெரும்பாலும் மணல்தான்.

கடலில் இறங்கும் முன் விஷ முள்ளுள்ள கல் மீனைத் தெரிந்துகொள்ளட்டும் என்று லேப் அலமாரியிலிருந்து அதன் புட்டியை இறக்கினேன். பார்மலின் மஞ்சளித்திருந்தது. "மேடம், கல்லுதானே இருக்கு, மீன் எங்கே?" என்றாள் ஒருத்தி. செதில் கிடையாது, தோல் முழுக்க மரு மாதிரி முண்டு. உயிரோடிருக்கும்போது மேலே பாசியும் படர்ந்துவிடும். மார்புத் துடுப்பால் மணலை ஒதுக்கிப் பாதி புதைந்து கிடக்கும்.

ஜனவரி 22, புதன்

இன்று முழுக்க முள்தான். முதுகில் 13. இடுக்கியால் ஒவ்வொன்றாக நிமிர்த்திக் காட்டினேன். முள்ளுக்கு இரண்டு பக்கமும் விஷப் பை.

பாம்பு தசையை இறுக்கி விஷத்தைச் செலுத்துகிறது. இந்த மீனுக்கு அந்த வேலையே இல்லை. காலை வைத்ததும் முள்ளை மூடிய தோல் கீழே இறங்கும், பைகள் நசுங்கும், விஷம் முள்ளின் பள்ளத்தில் ஏறிக் காலுக்குள் போய்விடும். அழுத்துவது நம் எடைதான். ஓங்கி மிதித்தால் கூடுதலாக ஏறும். இரை பிடிக்க அது முள்ளைத் தொடுவதே இல்லை. வாயைத் திறந்து 0.015 நொடியில் உறிஞ்சிவிடுகிறது. யூடியூபில் இதைக் 'கொலைகார மீன்' என்று போடுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. அது பாட்டுக்குக் கிடக்கிறது, மிதிப்பது யார்?

ஜனவரி 24, வெள்ளி

செருப்பு விவகாரம். ரப்பர் செருப்பு போதுமா என்று கேட்டார்கள். போதாது, மெல்லிய அடியை இந்த முள் துளைத்துவிடும். ஒரு பெண்ணின் அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். அவள் விடவில்லை: எத்தனை மில்லிமீட்டர் சோல், பக்கவாட்டில் குத்தினால் என்ன செய்வது? தோல் ஊருக்குப் பக்கத்தில் பாடம் நடத்தினால் இப்படித்தான்! கெட்டி ஷூ போட்டு, காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசி நடக்கச் சொன்னேன். கடல் உள்வாங்கிய பாறைக் குழியிலும் கையை விடக் கூடாது. தண்ணீர் இல்லாமல் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும் மீன் இது.

ஜனவரி 27, திங்கள்

முதலுதவிப் பெட்டியில் ஒரு தெர்மாமீட்டரும் பெரிய ஃபிளாஸ்க்கும் சேர்த்தாயிற்று. இந்த விஷம் புரதம், சூட்டில் கெட்டுப்போகும். குத்துப்பட்ட காலை ஏறக்குறைய 45 டிகிரி வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி நன்றாகக் குறையும். சூட்டை முதலில் நல்ல காலில் பார்க்க வேண்டும். வலியில் துடிக்கிற காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். கயிறு இறுக்கிக் கட்டவே கூடாது. அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நம் ஊர் பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான், இதற்கு உதவாது. கல் மீனுக்கான விஷமுறிவு மருந்து ஆஸ்திரேலியாவில் குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள்.

ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் இதை முள் நீக்கிச் சாப்பிடுகிறார்கள் என்றதும் வகுப்பே கலகலத்தது. "நம்ம மார்க்கெட்டுக்கு வந்தா வாங்குவீங்களா மேடம்?"

"முள்ளை நீ வெட்டித் தர்றதா இருந்தா வாங்குறேன்" என்றேன். ஆம்பூர்க்காரி உடனே, எந்தக் கையுறை போடணும் என்று ஆரம்பித்துவிட்டாள்.