வரியின் தலையில் ஒரு ‘ம்’

ஒரு தமிழ்ச் செய்தித் தளத்துக்கு வேலை பார்த்த காலம். தலைப்பில் ‘செயல்படுத்தப்படவிருக்கும்’ என்று ஒரு சொல் வந்தது. 15 எழுத்து. 360 பிக்சல் அகல மொபைலில் திரையைத் தாண்டி வெளியே போய், பக்கமே பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் ‘வேர்ட் பிரேக்: பிரேக் ஆல்’, அதாவது சொல்லை எந்த எழுத்திலும் உடைக்கலாம் என்று ஒரு வரி போட்டேன், அடங்கிவிட்டது. சரி, முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் பிழை திருத்தும் சாரிடமிருந்து போன். “தம்பி, வரி ‘ம்’ல ஆரம்பிக்குது, பாத்தீங்களா?” பார்த்தேன். ‘செயல்படுத்தப்படவிருக்கு’ வரை ஒரு வரி, அடுத்த வரியின் தலையில் ஒற்றை ‘ம்’. அச்சில் தமிழ்ச் சொல்லை ஹைபன் இல்லாமலே உடைப்பது வழக்கம்தான், ஆனால் புள்ளி எழுத்தை வரியின் முதலில் விடமாட்டார்கள். பிரவுசருக்கு அதெல்லாம் தெரியாது. சொல் வெளியே வழிந்தால் மட்டும் உடைக்கும் ‘ஓவர்ஃப்ளோ ராப்’ போட்டும் பார்த்தேன், ஒரு வரிக்குள் அடங்காத சொல் என்றால் அதுவும் இடம் பார்க்காமல்தான் வெட்டுகிறது.

அப்புறம் தலைப்பிலேயே கண்ணுக்குத் தெரியாத, அகலமே இல்லாத ஸ்பேஸைச் செருகினேன். வரி அழகாக உடைந்தது, ஆனால் அந்தச் சொல்லை எங்கள் தேடல் பெட்டியில் அடித்தால் செய்தியே வரவில்லை, ஏனென்றால் டேட்டாபேஸில் இருந்தது நடுவில் வேறொரு குறி புகுந்த சொல். இது எனக்குப் புரிய ஒரு நாள் ஆயிற்று.

கடைசியில் டேட்டாபேஸைத் தொடாமல், பக்கம் காட்டும்போது மட்டும் நீளமான சொற்களுக்குள் ‘இங்கே உடைக்கலாம்’ என்று பிரவுசருக்குச் சொல்லும் டபிள்யூபிஆர் டேக் போடுவது என்று முடிவு செய்தோம். புள்ளி எழுத்துக்கு முன்னால் மட்டும் கூடாது. முதல் முயற்சியில் ‘ம்’ என்பதை ஒரே எழுத்தாக எண்ணிவிட்டேன், கணினிக்கோ அது ‘ம’ ஒன்று, புள்ளி ஒன்று. இரண்டுக்கும் நடுவே டேக் விழுந்து, புள்ளி தனியாக, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தது! நிரலைத் தானாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்டில் அந்தத் தலைப்புச் சொல்லையே வைத்திருந்தாலே பிடித்திருக்கும்.

அதைச் சரிசெய்த மறுநாள் சார் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். வரியின் கடைசியில் ‘ரூ.’, அடுத்த வரியில் ‘500 கோடி’. இடையில் வரி உடையவிடாத நோ பிரேக் ஸ்பேஸ் போட்டு அனுப்பினேன். பதிலுக்கு இன்னொரு ஸ்கிரீன்ஷாட். ‘எம். ஜி.’ மேலே, ‘ஆர்.’ கீழே.